ஏரியில் கெண்டை, கெளுத்தித் தூண்டில்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் குத்தகைதாரர்கள் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். கெளுத்தியையும் வாளையையும் யாரும் விடுவதில்லை. அவை வரத்துக்கால்வாய் வழியே தாமாக வந்து சேர்கின்றன. கோடையில் நீர் இறங்கும்போது குத்தகைதாரரிடம் அனுமதி கேட்டுக் கரையில் தூண்டிலோடு உட்காருகிறோம். பக்கத்தில் உட்கார்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகள் ஆண்டுதோறும் அவையேதான். பலர் முதலில் ரீலைக் குறை சொல்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்தவரை, கோளாறு பெரும்பாலும் தூண்டில் கயிறான நரம்பின் கடைசி இரண்டு முழத்தில், அதாவது முள்ளிலோ முடிச்சிலோ தக்கையின் ஆழத்திலோ இருக்கிறது. ஆகவே எந்தக் கோளாறானாலும் முள்ளிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், கடைக்குப் போகும் வேலை கடைசியில்.

குத்தகை ஏரியின் மீன் குத்தகைதாரருடைய உழைப்பு. கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். அணை, நீர்த்தேக்கம் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

## தக்கை அசையவே இல்லை

ஒரு மணி நேரம் தக்கை ஆடாமல் நின்றால் இரையை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

### தண்ணீரில் மீன் இருக்கும் அடையாளம் தெரிகிறதா?

சாதாக்கெண்டையும் மிர்காலும் அடிச்சேற்றைக் கிளறித் தின்பவை. அவை மேயும் இடத்தில் பொடிக் குமிழிகள் கொத்தாக எழும்பும். அந்தக் கொத்து மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் எப்போதாவது ஒரு பெரிய குமிழி மட்டும் வந்தால் அது மட்கிய இலையிலிருந்து எழும் வாயு. அதை நம்பி உட்கார வேண்டாம். விடியலில் மேல்மட்டத்தில் வட்டவட்டமாக அலை விரிந்தால் கட்லா மேலே மேய்கிறது. எதுவுமே இல்லையென்றால் ஐம்பது அடி தள்ளி உட்காருங்கள். காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரை நல்லது. மிதக்கும் தீனி அங்கேதான் ஒதுங்கும்.

### அடையாளம் இருக்கிறது, கடிக்கவில்லை: ஆழம்

பெரும்பாலும் குற்றவாளி இதுதான். கட்லா மேல்மட்டத்து மீன், அதன் வாயே மேல்நோக்கி அமைந்திருக்கிறது. ரோகு நடுநீரில் மேய்கிறது. மிர்கால், சாதாக்கெண்டை, கெளுத்தி ஆகியவை அடியில். மூன்றுக்கும் ஒரே ஆழத்தில் இரையைத் தொங்கவிட்டால் ஏதோ ஒன்று மட்டும்தான் அதைப் பார்க்கும்.

ஆழம் அளக்க, முள்ளில் தக்கையை முழுக்காட்டும் அளவு கனமான ஈயத்தை மாட்டி எறியுங்கள். தக்கை முழுகினால் அதை மேலே தள்ளி மறுபடி எறியுங்கள். தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்போது ஈயம் தரையைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தக்கைக்கு மேலே நரம்பில் ஒரு நூல் முடிச்சை அடையாளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடிமீனுக்கு இரை தரையைத் தொடட்டும். ரோகுவுக்கு அந்த ஆழத்தில் பாதி. கட்லாவுக்கு மேலிருந்து இரண்டு, மூன்று அடி போதும். வெயில் ஏறினால் கட்லாவும் கீழே இறங்கும், நீங்களும் இறக்குங்கள்.

நம் ஏரிகளில் வண்டல் மண் எடுத்த பள்ளங்கள் உண்டு. கோடையில் மீன் அந்தப் பள்ளங்களில்தான் கூடுகிறது. ஐந்து அடிக்குப் பக்கத்திலேயே பதினைந்து அடி இருக்கும். ஆகவே ஒரு முறை அளந்தால் போதாது. எறியும் ஒவ்வொரு திசைக்கும் தனியாக அளக்க வேண்டும்.

### ஆழம் சரி: இரை

வெள்ளிக்கெண்டை நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பது. அது கண்ணெதிரே துள்ளினாலும் உங்கள் மாவு உருண்டையைத் தொடாது. அதைத் துரத்தி ஒரு காலைப்பொழுதை வீணாக்காதீர்கள். புல்கெண்டை பெயருக்கேற்றபடி செடிகொடி தின்பது. அதற்கு இளம்புல் நுனியைக் கட்டிப் பாருங்கள்.

கட்லாவுக்குப் பொட்டுக்கடலை மாவும் கடலைப் பிண்ணாக்குத் தூளும் சேர்த்துப் பிசைந்த மாவு. இது நீரில் மெல்லக் கரைந்து புகைபோல் பரவ வேண்டும். கரையில் ஒரு கிண்ணத்தில் ஏரி நீரை எடுத்து உருண்டையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உதிர்ந்தால் மைதா கூட்டுங்கள். பதினைந்து நிமிடமாகியும் கல்லாகக் கிடந்தால் தவிடு கூட்டுங்கள். சாதாக்கெண்டைக்கு அவித்த மக்காச்சோளம், ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை, மண்புழு. கெளுத்திக்குக் கொத்தாகக் கோத்த மண்புழு, கோழிக்குடல், இறால். கெளுத்தி கண்ணைவிட மீசையையும் மோப்பத்தையும் நம்புவது, ஆகவே அதற்கான இரை வாடை அடிப்பதே நல்லது.

கைக்கும் வாடை உண்டு. பெட்ரோல் நிரப்பிவிட்டு வந்த கை, கொசு மருந்து தடவிய கை, சோப்பு மணக்கும் கை எல்லாம் மாவில் ஏறிவிடும். கரைச் சேற்றால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மாவு பிசையுங்கள்.

### இரையும் சரி: நேரம்

கோடை நடுப்பகலில் எந்த இரைக்கும் பெரிதாகப் பலன் இருக்காது. கெண்டைக்கு விடியலும் மாலையும், கெளுத்திக்கும் வாளைக்கும் இருட்டிய பின். மழைத் தண்ணீர் கலங்கலாக ஏரிக்குள் வந்துகொண்டிருந்தால் கெண்டையை மறந்துவிட்டு வரத்துக்கால்வாய் வாயருகே கெளுத்திக்குப் போடுங்கள்.

ஈர்ப்புத் தீனி அதிகம் தூவினால் மீன் கூடும் என்று கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். இரண்டு கைப்பிடி போதும். மிஞ்சியது அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மீன் தீனியில் நிறைந்துவிட்டால் உங்கள் முள்ளைத் தேடி வரவும் வராது.

## தக்கை துடிக்கிறது, கோலைச் சுண்டினால் வெறும் முள் வருகிறது

முள்ளை உடனே மறுபடி எறியாதீர்கள். திரும்பி வந்த இரையின் நிலையைப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

### இரை முழுதும் போயிருக்கிறது, துடிப்பு பொடிப்பொடியாக இருந்தது

ஜிலேபிதான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நம் ஏரிகளில் இல்லாத இடம் இல்லை. கூட்டமாக வந்து மாவைக் கொத்திக் கொத்தி முள்ளை வெறுமையாக்கிவிடும். மென்மையான மாவை விட்டுவிட்டு முழு மக்காச்சோளத்துக்கோ கொண்டைக்கடலைக்கோ மாறுங்கள். அடியில் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கரையோரச் செடிப்பக்கத்திலிருந்து விலகி ஆழமான நீருக்குப் போங்கள். மண்புழுவை இந்த இடத்தில் மாட்டினால் நாள் முழுதும் ஜிலேபிக்கு உணவளிக்கலாம், அவ்வளவுதான்.

### இரை நசுங்கியிருக்கிறது, ஆனால் இருக்கிறது

கெண்டை இரையை உறிஞ்சி வாயில் வைத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டால் துப்பிவிடும். முள்ளின் நுனி மாவுக்குள் புதைந்திருந்தால் அது உதட்டில் ஏறாது. நுனி சற்று வெளியே தெரியும்படி மாட்டுங்கள். சாதாக்கெண்டைக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: முள்ளில் எதையும் குத்தாமல், முள்ளின் வளைவுக்குப் பின்னால் ஓர் அங்குல நூலைத் தொங்கவிட்டு அதில் சோளத்தைக் கோத்துக் கட்டுவது. மீன் சோளத்தை உறிஞ்சும்போது வெறும் முள் பின்னாலேயே வாய்க்குள் போகிறது. துப்பும்போது உதட்டில் பிடிக்கிறது. இதற்கு அடியில் கனமான ஈயம் வேண்டும்.

### இரை அப்படியே இருக்கிறது

மூன்று சோதனைகள். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. நகத்தில் பிடித்து நின்றால் கூர்மை. மழுங்கிய முள்ளைத் தீட்டுவதைவிட மாற்றுவது மேல், அதன் விலை மிகக் குறைவு. அடுத்து, முள்ளின் அளவு: எண் கூடக் கூட முள் சிறிதாகும், 1/0, 2/0 என்று வருபவை பெரியவை. ரோகுவின் சிறு வாய்க்கு 2/0 போட்டால் கொத்து மட்டும்தான் மிஞ்சும். மூன்றாவது, தக்கை. சிறு ஈயத்தோடு பெரிய தக்கையைக் கட்டினால் மீன் இழுக்கும்போது அந்த எதிர்ப்பை உணர்ந்து விட்டுவிடும். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள்.

### எப்போது சுண்டுவது

நின்றிருந்த தக்கை திடீரென்று எழும்பிப் படுத்தால், அடியில் இருந்த ஈயத்தை மீன் தூக்கிவிட்டது. உடனே சுண்டுங்கள். பலர் தக்கை முழுகட்டும் என்று காத்திருந்து இந்த மீனை விடுகிறார்கள். துடிப்புகளுக்கு நடுவே தக்கை ஒரு திசையில் மெல்ல நகர ஆரம்பித்தாலும் அப்படியே. கெளுத்திக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் நீண்ட நேரம் விட்டால் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிடும். சிறு கெளுத்தியைத் திரும்ப விடும் எண்ணம் இருந்தால் சீக்கிரமே சுண்டுங்கள்.

## மாட்டிய மீன் அறுத்துக்கொண்டு போகிறது

அறுந்த நுனியைத் தூக்கி எறியாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

### நுனி சுருட்டை முடிபோல் சுருண்டிருக்கிறது

முடிச்சு நழுவியது. இறுக்கும் முன் எச்சிலால் நனைக்காமல் உலர்ந்த நரம்பை இழுத்தால் அது சூடேறிப் பலமிழக்கும். நனைத்து, மெல்ல இறுக்கி, கையால் இழுத்துச் சோதித்துவிட்டே எறியுங்கள்.

### முள்ளருகே சொரசொரவென்று அறுந்திருக்கிறது

மாலையில், இறால் அல்லது மீன் துண்டு இரைக்கு என்றால் வாளை. அதன் தாடையில் நெருக்கமான கூரிய பற்கள் உண்டு. மெல்லிய எஃகுக் கம்பியை முள்ளுக்கு மேலே ஒரு முழம் கட்டுங்கள். கெண்டைக்கு உதட்டில் பல் இல்லை. அது அப்படி அறுத்தால் அடியில் கல்லோ மதகின் சுவரோ உரசியிருக்கிறது, இடத்தை மாற்றுங்கள்.

### நெடுநீளத்துக்கு நரம்பு சிராய்த்திருக்கிறது

கோலின் வளையங்களில் ஒன்று விரிசல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துணுக்கை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள், பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே கோளாறு. வளையங்கள் எல்லாம் சரியென்றால் ரீலில் நரம்பு திரும்பும் சிறு உருளையைப் பாருங்கள். அது சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு அதன்மேல் அறுபட்டுக்கொண்டே இருக்கும். மண்ணைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வளையத்தை மாற்றுவது தூண்டில் கடையில் செய்ய வேண்டிய வேலை. நூல் சுற்றிப் பசை ஏற்றி ஒட்ட வேண்டும்.

### எங்கோ நடுவில் பட்டென்று அறுந்தது

பழைய நரம்பு. நைலான் நரம்பை வெயில் பலமிழக்கச் செய்கிறது. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே கோடை முழுதும் கிடந்த ரீலை நம்பாதீர்கள். முதலில் நுனியிலிருந்து மூன்று மீட்டர் வெட்டிப் பாருங்கள், மறுபடி அறுந்தால் முழுதும் மாற்றுங்கள்.

### நரம்பு அறவில்லை, முள் நிமிர்ந்திருக்கிறது அல்லது வாயிலிருந்து கழன்றுவிட்டது

கடைக்காரர்கள் டிராக் என்று சொல்லும் இழுவைத் திருகை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். நான் அதிகமாகத் திருத்திய தவறு இது. மல்லுக்கட்டினால் உதடு கிழிந்து மீன் போய்விடும், கிழிந்த உதட்டோடு அது படும் பாடு வேறு. கோலைக் கட்டிவைத்து, நரம்பின் நுனியில் கைத்தராசைக் கொக்கியிட்டு இழுங்கள். எட்டுக் கிலோ தாங்கும் நரம்பு என்றால் இரண்டு, இரண்டரைக் கிலோ காட்டும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுவிட்டு வெட்டி வெட்டி வந்தால் உள்ளே உள்ள வட்டுகளில் அழுக்கு. கரையருகே மீனை நரம்பால் தூக்காதீர்கள், கைவலையை அடியில் கொடுத்து எடுங்கள். கையில் வந்த பெரிய மீன்கள் கரையில்தான் அதிகம் தப்புகின்றன.

## நரம்பு சுருள் சுருளாகச் சிக்குகிறது

முதலில் ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் வட்டைப் பாருங்கள். விளிம்பு வரை நரம்பு நிரம்பியிருந்தால் எறியும்போது மொத்தமாகக் கொட்டும். விளிம்புக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும்.

அளவு சரியாக இருந்தும் சுருண்டால் நரம்பில் முறுக்கு ஏறியிருக்கிறது. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது சிலர் விடாமல் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். இழுவைத் திருகு விட்டுக்கொடுக்கும்போது சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் நரம்புக்கு முறுக்கு. மீன் ஓடினால் கையை நிறுத்துங்கள். அது நின்றதும் கோலை உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். ஏறிய முறுக்கைப் போக்க, முள்ளையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு வெறும் நரம்பை ஏரிக்கரைப் புல்மேல் ஐம்பது, அறுபது அடி இழுத்துக்கொண்டு நடந்து, விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தபடி திரும்பச் சுற்றுங்கள். ஈயத்துக்குக் கீழே ஒரு சுழல் கண்ணி கட்டினால் இரை சுழல்வதால் ஏறும் முறுக்கு குறையும்.

கைப்பிடி பின்னோக்கிச் சுழல்கிறது, அல்லது உள்ளே அரைபடும் ஓசை வருகிறது என்றால் வெளியே எண்ணெய் விட்டுப் பயனில்லை. ரீலைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மலிவான ரீல் என்றால் பழுதுக் கூலியை முதலில் கேளுங்கள்; புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே மேல்.

## தூண்டில் அடியில் மாட்டிக்கொண்டது

நம் ஏரிகளின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பரப்பில், கருவேலங்காடு வளர்த்த காலம் உண்டு. வெட்டிய மரங்களின் குற்றிகள் நீருக்கடியில் அப்படியே நிற்கின்றன. கோலை வளைத்துக் குலுக்காதீர்கள், கோல்தான் முறியும். நரம்பைத் தளர்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு கரையில் இருபது அடி இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்ந்து வேறு கோணத்திலிருந்து இழுங்கள். வராவிட்டால் கோலை நேராக நீட்டி, கையில் துணி சுற்றி, நரம்பைப் பிடித்து நிதானமாகப் பின்னோக்கி நடங்கள்.

எந்த முள்ளுக்காகவும் தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே சொன்ன வண்டல் பள்ளங்கள் அங்கேயும் இருக்கின்றன. மதகருகே நீரின் இழுவையும் உண்டு.

அறுந்த நரம்பைக் கரையில் விடாமல் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளில்தான் இரை தேடுகின்றன. காலில் நரம்பு சுற்றிய நாரையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பிடித்து அவிழ்ப்பதற்குள் அது பறந்துவிட்டது.

## கெளுத்தி முள் குத்திவிட்டது, அல்லது தூண்டில் முள் கையில் ஏறிவிட்டது

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. கெளுத்தி இனத்துத் தேளி மீனின் முள்ளில் நஞ்சும் உண்டு. வலி கடுமையாக இருக்கும். குத்திய இடத்தைக் கழுவிவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். நல்ல கையால் சூட்டைப் பார்த்த பிறகே வையுங்கள். வலியில் கொதிநீர் தெரியாமல் போகும். சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம்.

உள்ளே முள் ஒடிந்து நின்றாலோ, வீக்கம் மேலே ஏறினாலோ, மூச்சுத் திணறினாலோ, மறுநாளும் வலி குறையாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தாலும் போங்கள். ஏரித் தண்ணீரில் பட்ட காயத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் எதிர்முள் வரை சதைக்குள் ஏறியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணருகே என்றால் தொடவே கூடாது.

கரையின்மேல் மின்கம்பி போகும் இடத்தில் கார்பன் கோலை உயர்த்தாதீர்கள், அதில் மின்சாரம் பாயும். இடி கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையும் கரையையும் விட்டு விலகிப் போங்கள்.

## மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

இதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்து தூண்டிலை எறிகிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த மீன்கள் மேயவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன.

விடியலில் மட்டும் இப்படி இருந்து, வெயில் ஏறியதும் அடங்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. தண்ணீர் கடும்பச்சையாக இருக்கும். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்திருக்கும். குத்தகைதாரரை உடனே அழைத்துச் சொல்லுங்கள். பம்ப் வைத்து ஏரி நீரையே எடுத்து மேலிருந்து பீய்ச்சி அடித்தால் மீன் பிழைக்கும். அன்றைக்குத் தீனி ஒரு பிடிகூடப் போடக் கூடாது.

நடுப்பகலிலும் தவித்தால், சிறிதும் பெரிதுமாக எல்லா வகை மீனும் இறாலும் சேர்ந்தே செத்து மிதந்தால், அது ஆக்சிஜன் மட்டும் இல்லை. ஏதோ கழிவோ மருந்தோ கலந்திருக்கக்கூடும். அந்த மீனை எடுக்காதீர்கள், சமைக்காதீர்கள், ஆடு மாட்டை அந்தத் தண்ணீருக்கு விடாதீர்கள். சுத்தமான பாட்டிலில் ஏரி நீரை நிரப்பி மூடி வையுங்கள். நேரத்தையும், கால்வாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குத்தகைதாரருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மீன்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். மறுநாள் போனால் தண்ணீரில் அடையாளம் இருக்காது.